வீட்டில் வாழும் உரிமையும் சமூகப் பராமரிப்புச் சேவைகளும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

முதுமை, உடல் இயலாமை, நீண்டகால நோய், மனநலக் குறைபாடு ஆகியவற்றால் அன்றாட வேலைகளைத் தனியே செய்ய முடியாத ஒருவர், தம் வீட்டையும் தெருவையும் விட்டு அகலாமல் வாழ உதவும் பணிகளின் தொகுப்பே சமூகப் பராமரிப்புச் சேவை. குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பது, சமைத்த உணவைக் கொண்டுவந்து தருவது, கழிவறையில் கைப்பிடி பொருத்துவது, மருத்துவமனைக்குத் துணை போவது எல்லாம் இதில் அடங்கும்.

ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை நோயின் பெயர் சொல்லிவிடாது. குளித்தல், உடுத்தல், கழிவறைக்குச் செல்லுதல், கட்டிலிலிருந்து எழுந்து நகர்தல், சிறுநீரையும் மலத்தையும் அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களைக் கொண்டு அதை அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்டனர். சமையல், கடைவேலை, பணத்தைக் கையாளுதல், மருந்தை வேளைக்கு எடுத்துக்கொள்ளுதல் போன்றவற்றையும் கணக்கில் கொள்ளும் அளவுகோலை லாட்டன், பிராடி என்ற ஆய்வாளர்கள் 1969-இல் தந்தனர். இப்படி அளந்து பார்த்தால், பலருக்கு நாள் முழுவதும் ஆள் தேவைப்படுவதில்லை என்பது தெரியும். காலையில் ஒரு மணி நேர உதவியும் மதியத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடும் கிடைத்தால் மற்ற நேரத்தைத் தாமே பார்த்துக்கொள்வார்கள். அந்தச் சிறு உதவி இல்லாததால்தான் அவர்களில் பலர் முதியோர் இல்லத்துக்கோ, தாம் விரும்பாத இன்னொரு வீட்டுக்கோ போக நேர்கிறது.

தமிழ்நாட்டின் நிலை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு, அப்போது இந்தியச் சராசரி 8.6. ஒன்றிய அரசின் கணிப்பு தமிழ்நாட்டின் பங்கை 2021-க்கு 13.6 என்றும் 2031-க்கு 18.2 என்றும் காட்டுகிறது. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டுமே இதற்கு முன்னே நிற்கிறது. குழந்தைப் பிறப்பு முன்கூட்டியே குறைந்ததும் ஆயுள் நீண்டதும் இதற்குக் காரணம். இரண்டு பிள்ளைகளில் ஒருவர் சென்னையிலோ பெங்களூரிலோ, மற்றவர் வளைகுடா நாட்டிலோ இருக்க, ஊரில் தாயும் தந்தையும் மட்டும் இருக்கும் வீடுகள் இன்று எல்லா மாவட்டங்களிலும் உண்டு. தந்தை இறந்தபின் தாய் தனியாகிறார். கணவரைவிட மனைவி வயதில் இளையவர், பொதுவாக நீண்ட நாள் வாழ்பவர் என்பதால், தனித்து வாழும் முதியோரில் பெண்களே மிகுதி.

பக்கவாதத்துக்கோ இடுப்பெலும்பு முறிவுக்கோ சிகிச்சை பெற்றவர் சில நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார். ஆனால் அவருக்கான பராமரிப்பு அதன் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். பயிற்சி கொடுக்காவிட்டால் மூட்டு இறுகிப்போகும். இவற்றைக் கற்றுக்கொடுக்க ஆளில்லாத வீட்டில் சுமை முழுவதும் மனைவி, மகள், மருமகள் தலையில் விழுகிறது. அவர்களில் பலர் அதற்காகவே வேலையை விடுகிறார்கள்.

சட்டம் சொல்வது

வீட்டில் வாழ்வது சலுகை அன்று, உரிமை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது உறுப்பு, யாருடன் எங்கே வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. இந்தியா இதை 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமையையும், தனி உதவியாளர் உள்ளிட்ட ஆதரவுச் சேவைகள் கிடைக்கச் செய்யும் அரசின் பொறுப்பையும் கூறுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவானது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வெளியில் வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்று அதன் 19-ஆவது பிரிவு சொல்கிறது.

முதியோருக்கான சட்டத்தில் இந்தத் தெளிவு இல்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க வழி செய்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாகக் குறைந்தது 150 பேருக்கான முதியோர் இல்லம் பற்றிப் பேசுகிறது. வீட்டுக்கு வரும் சேவை பற்றி எதுவும் சொல்லவில்லை. அதைச் சேர்க்க முனைந்த திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது, சட்டமாகவில்லை.

இப்போது இருப்பவை

தமிழ்நாடு வெறும் கையுடன் தொடங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் தேவைப்படுவோர் வீட்டுக்கு வருகிறார்கள். வயிற்றுச் சவ்வு வழியே ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோருக்கு அதற்கான பைகளும் வீட்டில் கிடைக்கின்றன. இத்திட்டம் 2024-இல் ஐ.நா. பணிக்குழுவின் விருதைப் பெற்றது.

தொண்டு அமைப்புகளின் அனுபவமும் கைவசம் உண்டு. விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், மறுவாழ்வுப் பணியாளர்களைச் சுற்றுவட்டக் கிராமங்களின் வீடுகளுக்கே அனுப்புகிறது. சென்னையின் ‘தி பான்யன்’ அமைப்பு, மனநல மருத்துவமனையில் நெடுங்காலம் தங்கிவிட்டவர்களைச் சிறு குழுக்களாக வாடகை வீடுகளில் குடியமர்த்தி, உடன் ஒரு பணியாளரையும் வைக்கிறது. உரிய ஆதரவு இருந்தால், வெளியே வாழ முடியாதவர் என்று முடிவுகட்டப்பட்டவரும் தம் சமையலறையில் தாமே சமைத்துச் சாப்பிட முடியும் என்பதை இம்முயற்சி காட்டியிருக்கிறது.

இரண்டு முன்மாதிரிகள்

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் சிறிதாகத் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புப் பணி, பத்தாண்டுகளுக்குள் கேரளத்தின் வட மாவட்டங்களில் மக்கள் இயக்கமாகப் பரவியது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஓட்டுநர்களும் இல்லத்தரசிகளும் பயிற்சி பெற்று, அக்கம்பக்கத்தில் படுத்த படுக்கையாக இருப்போரைக் கண்டறிந்து செவிலியருடன் சென்று பார்த்தார்கள். 2008-இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வெளியிட்டு, வீட்டுப் பராமரிப்பை உள்ளாட்சிகளின் பணியாக்கியது. பக்கத்து வீட்டாரின் அக்கறையும் ஊராட்சியின் நிதியும் செவிலியரின் திறனும் சேர்ந்ததே அந்த இயக்கத்தின் வலிமை.

ஜப்பான் 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயது முதல் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். சந்தாவும் வரிப்பணமும் ஏறத்தாழப் பாதிப்பாதியாகச் செலவை ஏற்கின்றன. பயனாளியின் தேவை ஏழு நிலைகளில் அளக்கப்படுகிறது. பராமரிப்பு மேலாளர் ஒருவர் அவருடன் பேசி வாராந்தரத் திட்டம் வகுக்கிறார். குளியல் தொட்டியை வண்டியில் கொண்டுவந்து வீட்டிலேயே குளிப்பாட்டும் சேவை வரை அதில் உண்டு. பயனாளி வருமானத்தைப் பொறுத்து 10 முதல் 30 விழுக்காடு வரை செலுத்துகிறார். முறைசாராத் தொழிலாளர் மிகுந்த தமிழ்நாட்டில் சந்தா முறை எளிதில் பொருந்தாது. ஆனால் தேவையை அளப்பதும், ஒருவரைப் பொறுப்பாக்கித் திட்டமிடுவதும் இங்கும் செய்யக்கூடியவை.

குறை எங்கே

இருக்கும் சேவைகளில் பெரும்பகுதி நோயைப் பார்க்கிறது, வாழ்க்கையைப் பார்ப்பதில்லை. மாத்திரை வீட்டுக்கு வருகிறது; குளிப்பாட்ட ஆள் வருவதில்லை. முதியோர் உதவித்தொகை பெறுவோர் அங்கன்வாடியில் மதிய உணவு உண்ணலாம்; அதுவரை நடக்க முடியாதவருக்கு அதனால் பயனில்லை. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய அந்த உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. நகரத்தில் தனியார் பராமரிப்பாளர் ஒருவரைச் சில நாட்கள் அமர்த்தக்கூட இது போதாது. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட, ஒன்றிய அரசின் ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். சேராமல் இருக்கச் செய்யும் பராமரிப்புக்கு அதில் இடமில்லை.

பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, அரசு ஏன் நுழைய வேண்டும் என்று ஒரு கேள்வி எழுகிறது. கடமை உணர்ந்த பிள்ளைக்கும் படுக்கைப் புண்ணைக் கழுவத் தெரிவதில்லை. எட்டு மணி நேரம் ஆலையில் நிற்பவர் அதே நேரத்தில் வீட்டிலும் இருக்க முடியாது. பிள்ளையே இல்லாதவரும் உண்டு. வீட்டுச் சேவை குடும்பத்தின் இடத்தைப் பறிப்பதில்லை. குடும்பம் முறிந்துபோகாமல் தாங்குகிறது. வீட்டுப் பராமரிப்பு என்ற பெயரில் எல்லாவற்றையும் பெண்கள் மேல் தள்ளிவிடும் ஆபத்தும் உண்மையானது. ஊதியமும் ஓய்வும் இல்லாத பராமரிப்பைச் சமூகப் பராமரிப்பு என்று அழைப்பது நியாயமாகாது.

நிலைப்பாடு

இந்த அறிக்கை பின்வருவனவற்றை வலியுறுத்துகிறது.

1. உதவி தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் வீடே முதல் தெரிவாக இருக்க வேண்டும். இல்லங்கள் தேவை, ஆனால் வீட்டுச் சேவை இல்லை என்ற காரணத்துக்காக எவரும் அங்கே அனுப்பப்படக் கூடாது.

2. வீட்டுக்கே வந்து தேவையை அளக்கும் இலவச மதிப்பீடு உரிமையாக வேண்டும். எந்த உதவி, எந்த நேரத்தில், யாரிடமிருந்து என்பதில் உதவி பெறுபவரின் சொல்லே இறுதியானது.

3. ஊராட்சியிலும் நகர வார்டிலும் ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். மருத்துவம், உதவித்தொகை, உணவு, உபகரணம் என்று தனித்தனிக் கதவுகளைத் தட்டும் நிலை மாற வேண்டும்.

4. சேவைத் தொகுப்பில் குளியல், உடை மாற்றம், வீட்டுக்கு வரும் உணவு, செவிலியர் பணி, இயன்முறைப் பயிற்சி, வாக்கர், சக்கர நாற்காலி, நீர்ப்படுக்கை ஆகியவற்றின் இரவல், சாய்தளமும் கைப்பிடியும் அமைக்க மானியம், பகல் நேரப் பராமரிப்பு மையம் ஆகியவை இடம்பெற வேண்டும்.

5. பராமரிப்புப் பணியாளர்களுக்கு ஊக்கத்தொகைக்குப் பதிலாக உரிய ஊதியம், முறையான பயிற்சி, வருங்கால வைப்பு நிதி, பாதுகாப்பு ஆகியவை தரப்பட வேண்டும். ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும்.

6. குடும்பத்தில் பராமரிப்பவருக்குப் பயிற்சியும், ஆண்டில் சில வாரங்களேனும் மாற்று ஆளோடு ஓய்வும், வேலையை விட்டவருக்கு உதவித்தொகையும் வழங்கப்பட வேண்டும்.

7. வீட்டுப் பராமரிப்புக்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டும். அரசு மருத்துவக் காப்பீட்டில் வீட்டுச் சேவையும் சேர வேண்டும். வறியோருக்குக் கட்டணம் கூடாது. தனித்து வாழ்வோர், மலைக்கிராமத்தினர், குடிசைப்பகுதியினர் ஆகியோருக்கு முன்னுரிமை வேண்டும்.

8. சாதி பார்த்துப் பணியாளரை வாசலில் நிறுத்துவதற்கோ, சாதி பார்த்துச் சில தெருக்களைத் தவிர்ப்பதற்கோ இடமிருக்கக் கூடாது. பெண்களின் உடல் பராமரிப்புக்குப் பெண் பணியாளரைக் கேட்கும் உரிமை வேண்டும். முதியோர் உதவி எண் 14567-க்கு வரும் வன்முறை, புறக்கணிப்புப் புகார்கள் உள்ளூர் ஒருங்கிணைப்பாளரை உடனே எட்ட வேண்டும்.

இவை அனைத்தும் ஒரே ஆண்டில் நிறைவேறிவிடாது. மாவட்டத்துக்கு ஓர் ஊராட்சி ஒன்றியத்திலும் ஒரு நகராட்சியிலும் தொடங்கி, கற்றுக்கொண்டு, விரிவாக்கலாம். மாநிலம் முழுவதும் வீடுகளுக்குச் செல்லும் பணியாளர் வலை ஏற்கெனவே இருக்கிறது. மாத்திரையுடன் வரும் அந்தக் கைகளுக்குப் பராமரிப்புப் பயிற்சியும் நியாயமான ஊதியமும் தருவதே அடுத்த படி. மாநில அரசு இதற்கெனச் சட்டமும் நிதியும் கொண்டுவர வேண்டும். கிராம சபைகள் தத்தம் ஊரில் உதவி தேவைப்படுவோரின் பட்டியலை இப்போதே தயாரிக்கத் தொடங்க வேண்டும்.