வடக்கிருத்தல் எந்த மாத இதழில் வந்தது?

இந்த ஆண்டு பொங்கல் சீர் வைக்க நீடாமங்கலத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார் எல்லாவற்றையும் திண்ணையில் இறக்கி வைத்தாகிவிட்டது. வழக்கமாக ஓடிவரும் தங்கை மகளை மட்டும் காணவில்லை. மாடியில் இருக்கிறாள் என்றார்கள். ஏறிப்போய்ப் பார்த்தால் தரை முழுக்கக் காகிதம். மாதத்துக்கு ஒன்றாக நடப்பு நிகழ்வு இதழ்கள், அவற்றைச் சுருக்கிய இன்னொரு தொகுப்பு, அதையும் சுருக்கி அவளே எழுதிய குறிப்பேடு. கையில் நான்கு நிறத்தில் பேனா.

"வாங்க மாமா. கரண்ட் அஃபேர்ஸ் எட்டு மாசம் பாக்கி இருக்கு. பொங்கல் வைக்கும்போது கூப்பிடச் சொல்லுங்க, வரேன்" என்றாள்.

பின்னாலேயே ஏறிவந்த மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார்: "விடுங்க மச்சான், படிக்கட்டும். பேப்பரை விடாமப் படிச்சாலே பாதி ஐ.ஏ.எஸ். முடிஞ்ச மாதிரின்னு கோச்சிங்லயே சொல்லியிருக்காங்க."

நான் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்த வாக்கியத்தை எத்தனை பெற்றோர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கேட்கும்போதெல்லாம் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். பெற்ற பிள்ளைபோல வளர்ந்த பெண் நாளுக்கு ஐந்து மணி நேரத்தை இந்த வாக்கியத்துக்குத் தாரை வார்ப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு இனி நகர முடியாது.

அவளுக்கு 2023-இல் முதல் முயற்சி. மே 28 அன்று முதல்நிலைத் தேர்வு எழுதிவிட்டு வந்தபோது அந்தக் கேள்வித்தாளை நான் வாங்கிப் பார்த்தேன். சங்கப் பாடல்களில் வரும் வடக்கிருத்தல் என்றால் என்ன என்று ஒரு கேள்வி. நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். பெண்களை மெய்க்காவலராக அரசர்கள் வைத்துக்கொள்வது. அறிஞர்கள் அரசவையில் கூடிச் சமயமும் தத்துவமும் பேசுவது. இளம்பெண்கள் வயலைக் காத்துப் பறவைகளை விரட்டுவது. போரில் தோற்ற அரசன் உண்ணாமலிருந்து உயிர்விடுவது. எங்கள் பெண் மூன்றாவதைக் குறித்திருந்தாள். தினைப்புனம் காக்கும் பெண்களைச் சினிமாப் பாட்டில் பார்த்த நினைவு. இரண்டு மதிப்பெண் போனது, தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு வேறு கழிந்தது.

இவள் வீடு நீடாமங்கலத்தில் இருக்கிறது. கரிகாலனோடு வெண்ணியில் மோதி, முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனின் போர்க்களம் இதே தாலுகாவிலுள்ள கோவில்வெண்ணி. வீட்டு வாசலில் பஸ் ஏறினால் போய்விடலாம். இவள் அங்கே போகாதவளும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, கரும்பேஸ்வரரைக் கும்பிட்டால் குறையும் என்று ஆண்டுதோறும் குடும்பத்தோடு போய் ரவையும் சர்க்கரையும் தூவிவிட்டு வருகிறவர்கள். அந்த மண்ணில் நின்றவளுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. ஆனால் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து நடத்தும் கடற்படைப் பயிற்சியின் பெயர் வருணா என்றும், ஜப்பானோடு நடத்தும் தரைப்படைப் பயிற்சி தர்ம கார்டியன் என்றும், இலங்கையோடு நடத்துவது மித்ர சக்தி என்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வடக்கிருத்தல் எந்த மாத இதழில் வந்தது? எந்தச் செய்தித்தாளின் எத்தனையாவது பக்கத்தில் வந்தது?

அதே ஆண்டுத் தாளில் கொற்கை, பூம்புகார், முசிறி எவை என்று கேட்டிருந்தார்கள். துறைமுகங்கள். துங்கபத்திரையில் அணை கட்டித் தலைநகருக்கு நீர் கொண்டுவந்த விஜயநகர மன்னர் யார் என்று கேட்டிருந்தார்கள். முதலாம் தேவராயர். முந்தைய ஆண்டு, 2022-இல், சங்கப் பாடல்களில் வீரர் அறம் பற்றிய குறிப்பு உண்டா, வருணப் பாகுபாடு தெரிந்திருந்ததா என்று கேட்டிருந்தார்கள். இவை எல்லாமே பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்திருக்க வேண்டியவை, பாடப் புத்தகத்தை மதித்துப் படித்தவனுக்குக் கைவசம் இருப்பவை.

இந்த இடத்தில் ஒருவர் தவறாமல் 2016-ஐக் கொண்டுவந்து நீட்டுவார். அந்த ஆண்டு முதல்நிலைத் தாளில் செய்தி சார்ந்த கேள்விகள் குவிந்தன என்பார். புராஜெக்ட் லூன் எதோடு தொடர்புடையது என்று கேட்டார்கள், பேப்பர் படித்தவன் பிழைத்தான் என்பார். பலூன்களைப் பறக்கவிட்டு இணையம் தரும் திட்டம் அது. 2021 ஜனவரியில் அதை நடத்திய நிறுவனமே அதை இழுத்து மூடிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பிறகு ஐந்து ஆண்டுகூட நிலைக்காத ஒரு பலூனுக்காக, பத்து ஆண்டுகளாக நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வடக்கிருத்தல் இரண்டாயிரம் ஆண்டுகளாக அதே இடத்தில் இருக்கிறது.

செய்தியையாவது ஒழுங்காகப் படிக்கிறார்களா? அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை, 2025-26, சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடு. இந்த விலையை யாரம்மா பரிந்துரைக்கிறார்கள் என்று கேட்டேன். யோசித்தாள். 1965-இல் வேளாண் விலை ஆணையம் ஏன் அமைந்தது, அன்று நாட்டில் உணவு நிலைமை என்ன, இந்த விலைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா, அதையும் கேட்டுத்தானே விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒன்றும் வரவில்லை. எண் மட்டும் இருக்கிறது. அடுத்த ஆண்டு அந்த எண்ணும் மாறிவிடும். அவள் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவாள்.

ஜன்னலைத் திறந்தால் ரயில் நிலையப் பக்கம் நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கும் ஊர் இது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கமாட்டார்கள். மழை கொட்டிய ஆண்டுகளில் 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்கும், மத்தியக் குழு வந்து கைப்பிடி நெல்லை எடுத்துக்கொண்டு போகும், அதற்குள் மூட்டையிலேயே முளை விட்டுவிடும். நாளிதழின் திருவாரூர்ப் பக்கத்தில் ஒவ்வொரு பருவத்திலும் இந்தச் செய்தி வருகிறது. அவள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. "அது சிலபஸ்ல வராது மாமா. எந்தெந்தப் பக்கம் விடணும்னு கோச்சிங்ல லிஸ்ட் கொடுத்திருக்காங்க" என்றாள். எனக்கு அடிவயிறு எரிந்தது. நனைந்த நெல்லை யார் எடுப்பது, தார்ப்பாய் எங்கே, லாரி ஏன் வரவில்லை என்று ஒரு மாவட்ட ஆட்சியர் காலையில் எழுந்ததும் கவனிக்க வேண்டிய வேலையே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆட்சியர் ஆகப் படிக்கிறவளிடம் அதைக் கிழித்தெறியச் சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்த விவகாரமும் இப்படித்தான். உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு, பத்து மசோதாக்கள், நீதிபதிகளின் பெயர்கள், பிறகு குடியரசுத் தலைவர் அனுப்பிய 14 கேள்விகள், எல்லாம் குறிப்பேட்டில் கட்டம் கட்டி இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைக்கலாம், பண மசோதா தவிர மற்றதைத் திருப்பி அனுப்பலாம் என்று அது சொல்கிறது. அந்தப் பிரிவை அவள் ஒரு தடவைகூட மூலத்தில் படித்ததில்லை. அதைப் படித்தவனுக்குத் தீர்ப்பு எதைப் பற்றியது என்று செய்தியின் முதல் பத்தியிலேயே புரியும். படிக்காதவன் தேதியைத்தான் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

சரி, இவ்வளவு உழைப்பும் எதற்காக? முதல்நிலைத் தேர்வில் வாங்கும் மதிப்பெண் கடைசித் தரவரிசையில் சேர்வதே இல்லை. முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275, ஆக 2025 மதிப்பெண்ணுக்குத்தான் போட்டி. அதில் விருப்பப் பாடம் ஒன்றுக்கே 500, கட்டுரைக்கு 250. "ஆப்ஷனலுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறாய்?" என்றேன். ஒரு மணி நேரம். கட்டுரை எழுதிப் பார்க்கிறாயா? பிரிலிம்ஸ் முடியட்டும். பிரிலிம்ஸ் மூன்று ஆண்டுகளாக முடியவில்லை.

இந்த நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். பாடப் புத்தகத்தை ஒரு முறை வாங்கினால் போதும். தமிழ்நாட்டுப் பாடநூல்களைக் காசில்லாமல் பதிவிறக்கவே செய்யலாம். அதில் வியாபாரம் இல்லை. நடப்பு நிகழ்வு அப்படியா? தினமும் புதிது பிறக்கும். அதே செய்தியை நாள் குறிப்பாக, வாரத் தொகுப்பாக, மாத இதழாக, ஆண்டு மலராக, கடைசிநேர வகுப்பாக, டெஸ்ட் பேட்சாக ஆறு முறை விற்கலாம். ஒரு இதழ் விடுபட்டாலும் பிள்ளைக்குப் பயம் வந்துவிடும். பயம் வந்த பிள்ளை விலை கேட்காது. சென்னை அண்ணா நகரில் ஆறுக்கு எட்டு அறையில் மூன்று பேரோடு படுத்துக்கொண்டு, அப்பா அனுப்பும் பணத்தில் இவற்றை வாங்கிக் குவிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

டி.என்.பி.எஸ்.சி. பக்கம் போனாலும் இதே கதை. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் தமிழுக்கே 100. அதற்குப் பள்ளிப் புத்தகத்தைத் தவிர வேறு வழி கிடையாது என்று எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும், மாவட்ட நூலகத்தின் போட்டித் தேர்வுப் பிரிவில் போய்ப் பாருங்கள், பாதிக் கைகளில் விருதுகளும் தினங்களும் நியமனங்களும் அடங்கிய ஒரு வரிக் குறிப்புகள்தான் இருக்கின்றன.

பெற்றோரையும் விடுவதாக இல்லை. என் தங்கையும் மாப்பிள்ளையும் பத்தாம் வகுப்புக்குப் பிறகு இவளுக்குத் தமிழை எடுத்துவிட்டுப் பிரெஞ்சு வாங்கிக் கொடுத்தார்கள். மதிப்பெண் கொட்டும் என்று பள்ளியில் சொன்னார்களாம். கொட்டியது. அந்தப் பிரெஞ்சில் இன்று இவளுக்கு ஒரு வாக்கியம் பேச வராது. போன இடத்தில் புறநானூறும் போயிற்று.

தேர்வாணையத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆனால் முதல்நிலைக் கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் வரும். வடக்கிருத்தலையே ஆங்கிலத் தாளில் ‘வட்டகிருதல்’ என்று வாசிக்கும்படி அச்சடித்திருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைக்கே தன் சொல் அடையாளம் தெரியாத கோலத்தில் அது அங்கே கிடந்தது. சொல் தெரிந்தவன்தானே அந்தக் கோலத்திலும் அதை அடையாளம் காண முடியும். அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டிய வயதில் பிரெஞ்சு, வேண்டிய நேரத்தில் மாத இதழ்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலையில் அவளைக் கட்டாயப்படுத்திக் கோவில்வெண்ணிக்கு அழைத்துப் போனேன். சன்னதியில் வழக்கம்போல் ரவை தூவிய கூட்டம். வெளியே வந்து வயல் வரப்பில் நின்று சொன்னேன். ஜெயித்தவன் சோழன், இந்த ஊர்க்காரன் மாதிரி. ஆனாலும் இந்த ஊர்ப் பெயரையே தன் பெயரோடு வைத்திருந்த வெண்ணிக் குயத்தியார் என்ற பெண், கரிகாலனைப் பார்த்தே தோற்ற சேரனுக்காகப் பேசினாள். அது புறநானூற்றில் 66-ஆவது பாட்டு. அதற்கு முந்தைய 65-ஆவது பாட்டில் கழாத்தலையார் அந்தச் சேரன் வடக்கிருந்ததற்காகக் கலங்குகிறார். பாசனக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இமைக்காமல் கேட்டாள். "இவ்வளவும் இங்கேயா நடந்தது மாமா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும், என்னிடம் இருந்த பழைய புறநானூற்று உரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். சற்று நேரம் கழித்துக் காபி கொடுக்கப் போனேன். உரைநூல் தலையணைக்குப் பக்கத்தில் மூடியபடி இருந்தது. மடியில் ஜூன் மாத இதழ். தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.