மணிமேகலை பார்த்த வேலையை இப்ப யார் பார்க்கிறாங்க?

டிஸ்கி: பொன்னியின் செல்வன் நாவலையோ படத்தையோ இன்னும் தொடாதவங்க இத்தோட அப்பீட் ஆகிக்கலாம். கடைசி அத்தியாயம் வரைக்கும் போட்டு உடைக்கப் போறேன். அப்புறம் என்னைத் திட்டப்படாது :-)

மணிரத்னத்தோட பொன்னியின் செல்வன் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ல வந்துச்சு. ரெண்டாவது 2023 ஏப்ரல் 28-ல. இன்னமும் எங்க வீட்ல பஞ்சாயத்து முடியல. நாங்க உறையூர்க்காரங்க வேற. பழைய சோழத் தலைநகரம்கிறதால, சோழன் சம்பந்தப்பட்ட எல்லா வழக்கும் எங்க கோர்ட்டுக்குத்தான் வரணும்கிற நினைப்பு எல்லாருக்கும் உண்டு.

வீட்ல ரெண்டு கட்சி. பெரியப்பா கட்சி, "கல்கி எழுதினதுல ஒரு கமாவைக்கூட மாத்தப்படாது. மாத்தணும்னா நீயே ஒரு கதை எழுதிக்கய்யா." தம்பி கட்சி, "பெரியப்பா, அது புக்கு, இது படம். ரெண்டும் வேற வேற மீடியம். விடுங்க."

என்னைக் கேட்டா ரெண்டு பேருமே யோசிக்கிற வேலையிலிருந்து தப்பிச்சுக்கிறாங்க.

முதல்ல பெரியப்பா கட்சி. மாத்தவே கூடாதுன்னா முதல் குற்றவாளி கல்கிதான். உத்தம சோழன்னு ஒரு ராஜா நிஜமா இருந்தார். செம்பியன் மாதேவியோட பையன். 985-ல ராஜராஜன் பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஆண்டவர். கல்கி என்ன பண்ணினார்? மதுராந்தகன்னு எல்லாரும் நினைக்கிற ஆள் செம்பியன் மாதேவி பெத்த பிள்ளையே இல்ல, பூக்கட்டிக் கொடுக்கிற சேந்தன் அமுதன்தான் அசல்னு ஒரு குழந்தை மாறாட்டத்தை நுழைச்சார். நந்தினி, பூங்குழலி, மணிமேகலை எல்லாம் அவரோட கற்பனை. வரலாற்றை எடுத்து வாரப் பத்திரிகைக்கு ஏத்த மாதிரி வளைச்சவர்தான் அவரும். நாம கோவிச்சுக்கவே இல்லையே?

அடுத்து தம்பி கட்சி. "வேற மீடியம்"னு சொல்லிட்டா எதை வேணா நியாயப்படுத்திடலாம். எங்க ஊர் எதிர்க்கரை ஸ்ரீரங்கத்து சுஜாதாவோட 'பிரியா'வையே எடுத்துக்குங்க. நாவல் லண்டன்ல நடக்குது. 1978-ல வந்த ரஜினி படம் சிங்கப்பூர் போயிடுச்சு. லண்டன் ஏன் சிங்கப்பூர் ஆச்சுன்னு கேட்டா "மீடியம் வேற"ங்கிறது ஒரு பதிலா? செலவு, வசதி, வியாபாரம்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். எல்லா மாற்றமும் கலைக்காக நடக்கறதில்ல.

சரி, மேட்டருக்கு வருவோம். 5 பாகம், 293 அத்தியாயம். கல்கி பத்திரிகையில 1950-லேர்ந்து மூணரை வருஷம் ஓடின கதை. ரெண்டு படமும் சேர்த்தா அஞ்சரை மணி நேரம். வெட்டாம முடியாது. அதனால "ஏன் மாத்தினே?"ங்கிற கேள்வியே வெட்டி. நான் கேக்கற கேள்வி வேற. வெட்டின ஆள் கதையில என்ன வேலை பார்த்துக்கிட்டிருந்தாங்க? அந்த வேலையை இப்ப யார் பார்க்கிறாங்க?

நம்ம தொழில்ல இது தினப்படி சமாச்சாரம். பழைய கோடைப் பிரிச்சு மேயும்போது "இந்த ஃபங்ஷன் எதுக்குன்னே தெரியலையே"ன்னு ஒண்ணைத் தூக்குவோம். கம்பைல் ஆகும், ஓடும். மூணு மாசம் கழிச்சு சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில ஏதாவது புட்டுக்கும். கதையும் அப்படித்தான். தூக்கின இடத்துல ஓட்டை தெரியாது, வேற எங்கேயோ ஒழுகும்.

இதுக்கு நல்ல உதாரணம் லார்ட் ஆஃப் த ரிங்ஸ். புத்தகத்துல டாம் பாம்படில்னு ஒரு ஆசாமி வருவார், பாட்டுப் பாடிக்கிட்டே. பீட்டர் ஜாக்சன் படத்துல அவர் கிடையாது. ரசிகர்கள் புலம்பினாலும், அவர் இல்லாம கதை நகரும்ங்கறது உண்மை. ஆனா புத்தகத்துல ஒரு பழைய கல்லறை மேட்டுலேர்ந்து ஹாபிட்களைக் காப்பாத்தி, அங்கே கிடந்த கத்திகளை எடுத்துக் கொடுக்கறதே பாம்படில்தான். அந்தக் கத்தியை அடிச்சவங்க, அங்மார் அரசனான அந்தச் சூனியக்காரனோட சண்டை போட்டுச் செத்துப்போன ஜனங்க. நூத்துக்கணக்கான பக்கம் தள்ளி மெர்ரி அதே கத்தியால அதே சூனியக்கார அரசனைக் குத்தும்போது, எப்பவோ செத்தவங்களோட பழி தீருது. படத்துல அரகார்ன் சும்மா நாலு கத்தியை எடுத்து நீட்டறார். குத்து அதேதான். பழி மட்டும் காணோம்.

இப்ப இந்தக் கேள்வியை நம்ம படத்துக்குப் போட்டுப் பார்ப்போம். முதல்ல பாராட்டிடறேன், அப்புறம் திட்டறேன்.

ஊமை ராணிக்கும் நந்தினிக்கும் உள்ள உருவ ஒற்றுமையைக் கல்கி பல அத்தியாயத்துக்கு இழுப்பார். எழுத்துல முகம் தெரியாதுங்கிறதால அது நடக்கும். திரையில நடக்காது. மணிரத்னம் ரெண்டு பேருக்கும் ஐஸ்வர்யா ராயைப் போட்டு, முதல் பாகத்து முடிவுல கடலுக்கடியில அந்த முகத்தைக் காட்டி நிறுத்தினார். அத்தனை அத்தியாயம் பார்த்த வேலையை ஒரே ஷாட் பார்த்துடுச்சு. இது சரியான மாற்றம்.

அடுத்தது அந்தக் குழந்தை மாறாட்டம். படத்துல அது கிடையாது. மதுராந்தகன் மதுராந்தகனாவே இருக்கான், அருள்மொழி கிரீடத்தை அவன் தலையிலேயே வைக்கிறான். பெரியப்பாவுக்கு இதுல பயங்கர கோவம். எனக்கு இதுதான் படத்தோட சிறந்த முடிவு. நாவல்ல அருள்மொழி கிரீடம் கொடுக்கறது யாருக்கு? பதவி ஆசையே இல்லாத, தேவாரம் பாடற, பரம சாது சேந்தன் அமுதனுக்கு. நல்லவனுக்கு விட்டுக்கொடுக்கறது சுலபம் சார். தனக்கு எதிரா சதி பண்ணினவங்களோட உக்காந்தவனுக்கு, அவன் ஆசைப்படறான்னு தெரிஞ்சே விட்டுக்கொடுக்கறதுதான் கஷ்டம். திருவாலங்காட்டுச் செப்பேடும் இதைத்தான் சொல்லுது. சிற்றப்பன் நாட்டை விரும்பற வரைக்கும் தனக்கு வேண்டாம்னு அருள்மொழி ஒதுங்கினாராம். ஆக, இந்த இடத்துல படம் கல்கியை விட்டு விலகி வரலாறு பக்கம் போயிருக்கு. சேந்தன் அமுதனோட வேலை தியாகத்தைக் காட்டறது. அந்த வேலை நின்னு போகல, இன்னும் கனமாச்சு.

இப்ப திட்டு.

மணிமேகலை. கடம்பூர் சம்புவரையர் மகள், கந்தமாறன் தங்கச்சி. படத்துல ஆளே கிடையாது. "கதைக்கு அவ தேவையில்லப்பா, நீளம்"கிறான் தம்பி. மேலோட்டமா பார்த்தா சரிதான். அவ யாரையும் கொல்லல, சதி பண்ணல, தூது போகல. வந்தியத்தேவனை நினைச்சு உருகறா. அவ்வளவுதானே?

அவ்வளவு இல்ல. அந்த நாவல்ல எல்லாரும் எதையாவது கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. குந்தவை, நந்தினி, அநிருத்தர், பழுவேட்டரையர், யாரும் விதிவிலக்கில்ல. கணக்கே போடத் தெரியாத ஒரே ஜீவன் இந்தப் பொண்ணு. கரிகாலன் செத்ததும் பழி வந்தியத்தேவன் மேல விழுது. அவனைக் காப்பாத்த "நான்தான் கொன்னேன்"னு சொல்றா. பெரிய இடத்துப் பொண்ணு, ஒரு வாணர்குலத்து நாடோடிக்காக. கடைசியில சித்தம் கலங்கி அவன் மடியில உயிரை விடறா. கவனிங்க, 293-வது அத்தியாயம், நாவலோட கடைசி அத்தியாயம், பட்டாபிஷேகத்துக்கு இல்ல. இந்தப் பொண்ணோட சாவுக்கு. அத்தனை ராஜாக்களைப் பத்தி மூணரை வருஷம் எழுதிட்டு கல்கி கதவைச் சாத்தறது இவளை வச்சுத்தான். சும்மாவா செஞ்சிருப்பார்?

அவ பார்த்த வேலை என்னன்னா, அரண்மனைக்காரங்க ஆடின ஆட்டத்துக்கு பில் கட்டினது. வந்தியத்தேவனுக்கும் சேர்த்துத்தான். போற இடமெல்லாம் சிரிச்சுப் பேசி மனசைக் கலைச்சுட்டு குதிரையேறிப் போற பயலுக்கு, அந்தச் சிரிப்புக்கு ஒரு விலை இருக்குன்னு தெரியற இடம் அது. படத்துல கார்த்தி அட்டகாசம், மறுக்கவே இல்ல. ஆனா அந்த வந்தியத்தேவன் முதல் ரீல்ல எப்படிச் சிரிச்சானோ கடைசி வரைக்கும் அப்படியே சிரிக்கலாம். அவனை நிறுத்திக் கேள்வி கேக்க அங்கே ஆள் இல்ல. மணிமேகலையோட வேலையை வேற யாருக்கும் பிரிச்சுக் கொடுக்கல. அங்கேதான் ஒழுகுது.

இன்னொண்ணு, கரிகாலன் சாவு. உடையார்குடி கல்வெட்டுல ரவிதாசன் உள்பட கொலைகாரங்க பேரு இருக்கு. அவங்க பின்னாடி யாராவது இருந்தாங்களான்னு அதுல இல்ல. கல்கி அந்த இருட்டை இருட்டாவே விட்டார். விளக்கு அணையுது, ஆளாளுக்கு நான்தான்னு பழியை ஏத்துக்கறாங்க. படம் அந்த அறையில விளக்கைப் போட்டுடுச்சு. நந்தினியோட கத்தியில அவனே முடிவைத் தேடிக்கிறான். காதல் கதையா பார்த்தா உருக்கம், விக்ரம் பிரமாதம். ஆனா நாவலைப் படிச்சவன் பல வருஷம் மண்டையைப் பிச்சுக்கிட்டது போச்சு.

"கதைதானே, இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்?"னு கேப்பீங்க. உறையூர்ல வந்து பாருங்க. வெக்காளியம்மன் கோயில் இருக்கு, பஞ்சவர்ணசுவாமி கோயில் இருக்கு, நாச்சியார் கோயில் இருக்கு. சோழன் அரண்மனைன்னு கைகாட்ட ஒரு சுவர் கிடையாது. 1960-கள்ல சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே தோண்டினப்ப எழுத்து கீறின பானை ஓடு, சாயத்தொட்டின்னு கிடைச்சுது. அதாவது ஜனங்க புழங்கின சாமான்தான் மிச்சம். எங்க தெரு பசங்களுக்கு சோழன்னா என்னன்னு சொல்லித் தர்றது கல்வெட்டு இல்ல, கதைதான். எங்க அப்பா தலைமுறைக்குக் கல்கி. இனிமே வர்ற பசங்கள்ல பாதிப் பேருக்கு மேல மணிரத்னம்தான். அவங்களைப் பொறுத்தவரை மணிமேகலைங்கிற பொண்ணு இருந்ததே கிடையாது. ராஜாக்களோட சண்டையில சம்பந்தமில்லாதவங்க உயிர் போகும்கிற விஷயமும் சேர்ந்தே காணாமப் போயிடுது. மிச்சம் இருக்கறது கொடி, குதிரை, புலிச் சின்னம். அதை மட்டும் வச்சுக்கிட்டு பெருமை பேசற கூட்டம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கு.

அதனால படமெடுக்கறவங்களுக்கு என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். வெட்டுங்க, தாராளமா வெட்டுங்க. ஆளைத் தூக்கும்போது அந்த ஆள் பார்த்த வேலையை இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சுட்டுத் தூக்குங்க. சேந்தன் அமுதன் விஷயத்துல அது நடந்துச்சு. மணிமேகலை விஷயத்துல நடக்கல.

உங்களுக்கு எந்த வெட்டு வலிச்சுது, எது "அப்பாடா"ன்னு இருந்துச்சு? சொல்லிட்டுப் போங்க மக்களே.

பி.கு: படத்தைத் திட்டறதுக்கு முன்னாடி நாவலையும், நாவலைத் தூக்கிப் பிடிக்கறதுக்கு முன்னாடி கடைசி அத்தியாயத்தையும் ஒருதடவை படிச்சுடுங்க. எங்க வீட்ல ரெண்டு கட்சித் தலைவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.