தொழுவம் யார்க்கு உரியது?

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றே பொருள் கண்ட இனம் தமிழினம். அவ்வினத்தின் தொழுவங்கள் இன்று ஏற்று நடத்த ஆளின்றி ஒவ்வொன்றாய் ஒழிகின்றன. ‘பிள்ளைகளுக்கு மாட்டில் நாட்டமில்லை’ என்று தந்தையர் புலம்புகின்றனர். எந்தப் பிள்ளைகளைக் கேட்டார்கள்?

வைகறையில் எழுந்து சாணம் அள்ளுபவள் பெண். தீனி வைத்துப் பால் கறந்து, கூட்டுறவுப் பால் நிலையத்தின்முன் தூக்குடன் நிற்பவளும் அவளே. நிலம் மட்டும் ஆண்மகன் பெயரில். பல வீடுகளில் பால் கணக்கும் அவன் பெயரில்! திருப்பூர்ப் பின்னலாடை ஆலைக்குப் போய்விட்ட மகனுக்காகத் தொழுவம் காத்துக் கிடக்க, தாயோடு நின்று மாட்டின் இயல்பறிந்து வளர்ந்த மகள் நகையும் சீருமாக வெளியே அனுப்பப்படுகிறாள்.

1989-இல் தமிழக அரசு செய்த சட்டத் திருத்தம் குடும்பச் சொத்தில் மகளுக்கும் ஒத்த பங்கு தந்தது. அதற்கு முன்பே மணமானவர்க்கு அது எட்டவில்லை. 2005-இல் நடுவணரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கிற்று. சட்டம் தந்ததைத் தமையன்மார் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதி வாங்கிப் பறித்துக்கொள்கின்றனர். விடுதலையாம்! எவர்க்கு விடுதலை?

கொங்குநாட்டுக் கொறங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளர்த்துக் காங்கேயம் மாடுகளை ஊட்டிய மேய்ச்சல் நிலம் அது. மாட்டை மறந்த மகன் கைக்குப் போனபின் அதில் மனைக்கல் நடப்படுகிறது. புல்லும் போனபின் தீனி முழுவதும் கடைவிலை. 2022-இல் ஆவின் பசும்பாலின் கொள்முதல் விலையை இலிட்டருக்கு 32 உருபாவிலிருந்து 35 ஆக்கியது. அம்மூன்று உருபாவால் எத்தனை மூட்டைப் புண்ணாக்கு வாங்குவது?

மகள் பெயரில் ஒரு காணியையும் இரு கறவைகளையும் எழுதிவைக்கட்டும். அதன்பின் ‘ஆளில்லை’ என்று சொல்லட்டும் அந்தத் தந்தையர்!