நீவாத கைக்குப் புண்ணியம்

ஷட்டில் ஆடும்போது கெண்டைக்கால் சுரீரென்றது. நொண்டியபடி வீடு வந்தால், அம்மா விளக்கெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு நீவிவிட உட்கார்ந்துவிட்டார். நம் வீடுகளில் அன்பு கைவழியே வரும், சிக்கலும் அங்கேதான். கிழிந்த தசையில் ரத்தம் கசியும் முதல் 2, 3 நாள்களில் அழுத்தி நீவுவதும் சூடான ஒத்தடம் கொடுப்பதும் கசிவைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலுக்கடியில் தலையணை, இவை போதும். நான்காம் நாள் கணுக்காலருகே நீலம் பூத்தால் பதறாதீர்கள். கசிந்த ரத்தம் கீழே இறங்கியிருக்கிறது. அது பச்சையாகி, மஞ்சளாகி, 2, 3 வாரங்களில் மறையும். நிறம் போய்விட்டதாலேயே தசை ஆறிவிட்டதாக எண்ணி மட்டையைத் தூக்காதீர்கள். ஒற்றைக்காலில் வலியின்றி எம்பி நிற்க முடிகிறதா? அதுதான் முதல் அனுமதிச் சீட்டு. வீக்கமும் வலியும் கூடிக்கொண்டே போனால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள்.