பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்!

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு பிரெட் காய்ச்சலோடுதான் வந்து சேர்கிறது. யாருக்காவது உடம்பு சுட்டால் மாத்திரை வாங்கப் போகிறவர், திரும்பும்போது ஒரு பாக்கெட் பிரெட்டும் வாங்கி வருவார். படுத்திருப்பவர் சூடான பாலில் தொட்டு நாலு துண்டு சாப்பிடுவார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும், ரசம் சாதம் கேட்பார். மிச்சமுள்ள பிரெட் ஃப்ரிட்ஜுக்குள் போகும். ஒரு வாரம் கழித்துத் தக்காளி தேடும்போது யாராவது அதைக் கண்டெடுப்பார்கள். தொட்டால் அட்டை மாதிரி இருக்கும். "அடடா, வீணாப் போச்சே" என்று ஒரு வார்த்தை. அப்புறம் குப்பைக்கூடை.

இதில் திட்டு வாங்குவது எப்போதும் கடைக்காரர்தான். "பழைய பிரெட்டைத் தலையில் கட்டிவிட்டான்" என்பார்கள். பல நேரங்களில் கடைக்காரர் மேல் தப்பே இருக்காது. வாங்கும்போது பிரெட் மெத்தென்றுதான் இருந்தது. அதைக் கிழடாக்கியது ஃப்ரிட்ஜ். பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்த இடமே அதைக் கெடுத்துவிட்டது. அதே ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் டிரே இருக்கும் ஃப்ரீசரில் வைத்திருந்தால், வாரக்கணக்கில் புதுசு போலவே இருந்திருக்கும். கீழே வைத்தால் குப்பை, மேலே வைத்தால் சாப்பாடு. நடுவில் ஒரு தட்டுதான் வித்தியாசம்!

காரணம் என்ன? பிரெட் காய்ந்துபோவதால்தான் கெட்டியாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. பிரான்ஸைச் சேர்ந்த வேதியியலாளர் பூசேங்கோ 1852இலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடி வைத்த ரொட்டியும் கெட்டியானது. அதையே மறுபடி சூடாக்கியபோது மெத்தென்று ஆனது. ஈரம் போனதுதான் காரணம் என்றால், சூடாக்கினால் இன்னும் காய வேண்டுமே தவிர இளகக் கூடாது அல்லவா? ஆக விஷயம் ஈரத்தில் மட்டும் இல்லை, மாவுச்சத்தில் இருக்கிறது.

மாவு வேகும்போது அதிலுள்ள மாவுச்சத்து தண்ணீரை இழுத்து ஊதி, தளர்ந்துபோகிறது. அதனால்தான் சுட்ட ரொட்டி மிருதுவாக இருக்கிறது. ஆறிய பிறகு, தளர்ந்த அந்த மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மறுபடி வரிசைகட்டி இறுகுகின்றன. பிரெட் விறைப்பாகிறது.

இது புரிய விஞ்ஞானப் புத்தகம் எதுவும் வேண்டாம், ராத்திரி மீந்த சோறு போதும். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு காலையில் பருக்கை பருக்கையாக விறைத்து நிற்கும். அதையே இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் பழையபடி குழைந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த இட்லியும் அப்படித்தான். சோற்றுக்கும் இட்லிக்கும் நடப்பதுதான் பிரெட்டுக்கும் நடக்கிறது. எந்த வீட்டு அம்மாவுக்கும் சோற்றைப் பற்றி இது தெரியும். பிரெட் விஷயத்தில் மட்டும் ஏனோ மறந்துபோகிறது.

இந்த இறுக்கம் எல்லா வெப்பநிலையிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் 4 டிகிரி வாக்கில்தான் மிக வேகமாக நடக்கிறது. வெளியே மேஜைமேல் வைத்தால் அதைவிட மெதுவாக நடக்கும். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் கிட்டத்தட்ட நின்றே போகிறது. பிரெட்டுக்கு இருக்கிற இடங்களிலேயே மோசமான இடம் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு என்பது இதனால்தான்.

ஃப்ரிட்ஜ் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில், புழுக்கமான நாட்களில் வெளியே வைத்த பிரெட்டில் மூன்று நான்கு நாளில் பூசணம் பூத்துவிடும். ஃப்ரிட்ஜ் அந்தப் பூசணத்தைத் தள்ளிப்போடுகிறது, உண்மைதான். எப்படியும் டோஸ்ட் போட்டுத்தான் சாப்பிடப் போகிறார்கள் என்றால் ஃப்ரிட்ஜில் வைத்ததும் பரவாயில்லை. 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் இறுகிய மாவுச்சத்து மறுபடி தளரும். ஆனால் மெத்தென்று அப்படியே சாப்பிட, பல்லில்லாத தாத்தாவுக்குக் கொடுக்க, சாண்ட்விச் செய்ய அந்த பிரெட் உதவாது. எனவே கணக்கு எளிது. இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியே. தீராது என்றால் ஃப்ரீசரில். நடுவில் ஃப்ரிட்ஜுக்கு வேலையே இல்லை.

முக்கியமான விஷயம், வாங்கிய அன்றே வைக்க வேண்டும். ஃப்ரீசர் பிரெட்டைப் புதுசாக்காது, இருக்கிற நிலையில் நிறுத்தி மட்டுமே வைக்கும். நாலு நாள் பழசை வைத்தால் நாலு நாள் பழசுதான் வெளியே வரும். பூசணமும் குளிரில் சாகாது, தூங்கும். வெளியே எடுத்ததும் விழித்துக்கொள்ளும்.

வைக்கும்போது முழு பாக்கெட்டாக வைக்காமல், வீட்டுக்கு ஒரு வேளைக்கு எத்தனை துண்டு வேண்டுமோ அந்த அளவில் பிரித்து, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, இறுக்கிக் கட்டுவது நல்லது. கவருக்குள் காற்று இருந்தால் பிரெட்டின் ஈரம் பனித்தூளாக வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும், ஓரங்கள் வெளுத்து வறண்டுபோகும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் வஞ்சிரமும் இருக்கும், ஐஸ்கிரீமும் இருக்கும். கவர் சரியில்லை என்றால் பிரெட்டில் மீன் வாசனை வரும்! அதனால் இரட்டைக் கவர் உத்தமம். தேதியை மேலே எழுதிவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நல்ல ஃப்ரீசரில் மூன்று மாதம் வரை சுவை குன்றாமல் இருக்கும் என்பார்கள். சிங்கிள் டோரில் அந்த அளவு குளிர் கிடைக்காது. இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுவது புத்திசாலித்தனம். டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கும் நாளில் உள்ளே பிரெட் இருப்பதை மறக்காமல் இருந்தால் சரி.

எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. டோஸ்ட் என்றால் இளகவே விட வேண்டாம். உறைந்த துண்டை அப்படியே டோஸ்டரில் போடலாம். தோசைக்கல் என்றால் தீயைக் குறைத்து, மேலே ஒரு மூடி போட்டு, பக்கத்துக்கு ஒரு நிமிடம். மெத்தென்ற பிரெட் வேண்டும் என்றால் கவரைத் திறக்காமல் மேஜைமேல் அரை மணி நேரம் வைத்தால் போதும். திறந்து வைத்தால் வெளிக்காற்றின் ஈரம், ஐஸ் வாட்டர் டம்ளர் வியர்ப்பது போல, நேராகப் பிரெட்டின் மேல் படிந்து நசநசவென்று ஆகும். மூடியிருந்தால் அந்த வியர்வை கவரின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். கறியை இளக வைப்பதுபோல ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது மட்டும் கூடாது. எந்த 4 டிகிரிக்குப் பயந்து மேலே வைத்தோமோ, அதே 4 டிகிரியில் எட்டு மணி நேரம் போட்டு வைத்த மாதிரி ஆகிவிடும். இளகியதை மறுபடி உறைய வைப்பதும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் மென்மை குறையும்.

இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வது கஷ்டம்தான். "ஐஸில் வைத்ததைத் தின்றால் சளி பிடிக்கும்", "பழசு உடம்புக்கு ஆகாது" என்பார்கள். பழசு மேல் அந்தப் பயம் நியாயமானதே. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் குடும்பங்களைக் காப்பாற்றியது அந்தப் பயம்தான். ஆனால் அதே கொள்கைப்படி பார்த்தாலும் வாங்கிய அன்றே உறைய வைத்த பிரெட்டை விட, ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் கிடந்த பிரெட்தானே பழசு? தோசைக்கல்லில் சுட்டுச் சூடாகத் தட்டில் வைத்த பிறகு அதில் ஐஸ் எங்கே இருக்கிறது?

கரண்ட் கட் இன்னொரு பயம். கதவைத் திறக்காமல் இருந்தால் ஓரிரண்டு மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. இளகிவிட்டாலும் பிரெட் கறியோ மீனோ இல்லை, அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்க்கலாம். கிரீம் வைத்த பன்னுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதை உறைய வைக்காமல் இருப்பதே நல்லது. எதில் பூசணம் தெரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதைச் சாப்பிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும்.

ஒரு பாக்கெட் பிரெட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். உலக அளவில் 2022இல் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024 அறிக்கையில் சொன்னது. ஹோட்டலை விட, கல்யாண மண்டபத்தை விட, வீடுகள்தான் அதிகம்! அந்தக் கணக்கில் இந்த அட்டை பிரெட்டும் இருக்கிறது.

பிரெட் பாக்கெட்டைத் தீர்க்க முடியாதவர்கள் யார் என்று பார்த்தால், தனியாக ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளும், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேராக இருக்கும் அப்பா அம்மாக்களும்தான். இரண்டு பக்கமும் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள். தனியாக இருப்பவருக்கு ராத்திரி திடீரென்று காய்ச்சல் வந்தால், கடைக்கு ஓட ஆள் இல்லை. அந்த நேரத்தில் ஃப்ரீசரில் நாலு துண்டு பிரெட் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த முறை பாக்கெட்டைப் பிரித்ததும் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு தட்டு மேலே வைத்துப் பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை, இரண்டு பிளாஸ்டிக் கவர் மட்டும்தான்.