ஆறு மாதம் என்றால் எத்தனை மாதம்?

தேர்தல் வழக்கை உயர் நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் முடித்துவிடும் என்று நம்புகிறவர்கள் தேனித் தொகுதியைப் பார்க்க வேண்டும். 2019 மே மாதம் அங்கே ஓ.பி.ரவீந்திரநாத் வென்றார். வேட்புமனுவில் சொத்து விவரத்தை மறைத்தார் என்று ஒரு வாக்காளர் வழக்குப் போட்டார். வெற்றி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2023 ஜூலை 6 அன்று. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. அவர் பதவிக்காலம் முழுவதும் எம்.பி.யாகவே இருந்தார்.

அவர் குற்றவாளியா என்பதல்ல என் கேள்வி. குற்றமென்றால் தேனி மக்கள் ஏமாந்தார்கள். இல்லையென்றால் அவர் வீண்பழி சுமந்தார். எப்படிப் பார்த்தாலும் அநியாயம்தான்.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஆறு மாதத்தில் முடிக்க 'முயல வேண்டும்' என்றுதான் சொல்கிறது. மனுப் போடுகிறவனுக்கோ 45 நாள் கெடு. தாண்டினால் தள்ளுபடி. குடிமகனுக்குக் கெடு, நீதிமன்றத்துக்கு வெறும் முயற்சியா? குமாஸ்தாவாக இருந்த நான் ஒரு கோப்பை நாலு வருஷம் வைத்துக்கொண்டு "முயன்றேன் ஐயா" என்றிருந்தால் மெமோ வந்திருக்கும்.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த நாட்டு வழக்கமும் கொஞ்சம் தெரியும். அங்கே மனுவுக்குப் பத்தே நாள். பாரிஸிலுள்ள அரசியல் சாசன மன்றம் நேரடியாக விசாரிக்கிறது. 2022 ஜூன் தேர்தலில் வென்ற சிலரின் பதவியை 2023 பிப்ரவரிக்குள் ரத்து செய்துவிட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுக் குடிமக்கள் ஓட்டுப் போடும் தொகுதியிலும்கூட அந்தச் சட்டம்தான்.

நீதிபதிகள் போதவில்லை என்பார்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்தே 40 மக்களவைத் தொகுதிகள்தான். தேர்தல் முடிந்த கையோடு ஆறு மாதத்துக்கு இரண்டு நீதிபதிகளை இதற்கென்றே ஒதுக்கினால் போதாதா? முதலில், 'முயல' என்ற அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுங்கள்.