விட்டுப்போன எண்

இராமானுஜன் என்றதும் நம் வீட்டுக் குழந்தைகள்கூட 1729 என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த டாக்ஸி நம்பரைப் பற்றி வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. இந்த வாரம் வேறோர் எண்ணை நேயர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க விரும்புகிறேன்: 293318625600. அதாவது, 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இதன் பெருமை விளங்கச் சிறிய எண்ணிலிருந்து வர வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒருவர் 60 பெட்டிகளை லாரியில் அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டிரண்டாகவோ, மும்மூன்றாகவோ, நான்கு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டாகவோ அடுக்கலாம், மிச்சம் நில்லாது. ஒரு பெட்டி கூடி 61 ஆனாலோ, ஒரே வரிசையாக வைப்பதைத் தவிர வழியில்லை! 60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 12. அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இத்தகைய எண்ணை 'மிகப் பகுபடும் எண்' என்று அழைப்போம். (பழைய ரூபாயின் 192 தம்படியை மூன்று பேர் சண்டையின்றிப் பங்கிடலாம், ஆளுக்கு 5 அணா 4 தம்படி. 1957-ல் வந்த நூறு காசு ரூபாயில் அது நடவாது.)

சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த இராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு வருஷமே இவ்வெண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரையை லண்டன் கணித சங்கம் பிரசுரித்தது. 1916-ல் அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சிப் பட்டம் இதன் பேரில்தான். சங்கத்துக்கு அப்போது பண முடை. ஆகவே கட்டுரையின் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டு, 1997-ல்தான் முழுமையாக அச்சேறியது.

அக்கட்டுரையில் 6746328388800 வரையில் 102 எண்கள் கொண்ட ஜாபிதா ஒன்று இருக்கிறது. அதில் இடம்பெற வேண்டிய ஓர் எண் மட்டும் விட்டுப்போயிற்று. மேலே நாம் கண்ட எண்தான் அது.

இதை எதற்காகக் கிளறுகிறேன் என்று சிலர் கோபிக்கலாம். நாமகிரித் தாயார் கனவில் அருளியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பக்தியைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் அதையே சொல்லிச் சொல்லி, அவர் பட்ட பாட்டை நாம் மறந்துவிட்டோம். பதின்மூன்று இலக்கம் வரை பெருக்கியும் ஒப்பிட்டும் வரிசைப்படுத்திய உழைப்புக்கு இந்த ஒரு விடுபாட்டைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பென்சில் இருந்தால் நேயர்களே சோதித்துப் பார்க்கலாம். இவ்வெண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-ம் 7-ம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். எண்ணிக்கைகள் ஏறாமல் இறங்கியே வருவதைக் கவனியுங்கள். மிகப் பகுபடும் எண் எதுவானாலும் அப்படித்தான். கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும். 4-ம் 36-ம் மட்டுமே விலக்கு. இதையும் இராமானுஜன் நிரூபித்திருக்கிறார்.

இனி, ஒவ்வோர் எண்ணிக்கையுடனும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. விடை 5040. விட்டுப்போன எண்ணை வகுக்கும் எண்கள் அத்தனை! அந்த 5040-ம் மிகப் பகுபடும் எண்ணே. கிரேக்க ஞானி பிளேட்டோ தம் இலட்சிய நகரத்தின் குடிகளுக்கு விதித்த கணக்கும் அதுதான். அதை வகுப்பவை 60. நம் லாரிப் பெட்டிகள். 60-ஐ வகுப்பவை 12, 12-ஐ வகுப்பவை 6, பிறகு 4, 3, 2. இரண்டை வகுப்பவையும் இரண்டே. கணக்கு அங்கே நின்றுவிடும்.